யாரும் சாகாத புதன்கிழமை

அத்தியாயம் 6

சின்ன ஆபெல் தீவில் ஒருவன் தும்மினால், அவன் மூக்கைத் துடைப்பதற்குள் படகுத்துறையில் நாலு பேர் அவனுக்குக் கஷாயம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த ஊரில் துப்பறியும் ஆபீஸ் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. மிஸ் க்ளெமென்சியா குவாஷி அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எது நெசம்னுதான் ஒருத்தருக்கும் தெரியாது."

சுங்க இலாகாவில் ஆயுசு முழுக்க வெளிநாட்டுப் பீப்பாய்களைத் திறந்து பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவன் நிற்கிற தோரணையை வைத்தே உள்ளே ரம் இருக்கிறதா ராத்திரி உடுப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். உதவியாளன் போனிஃபேஸ், ஊருக்குப் போனி, முன்னே மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். பஸ் ஒரு நாள் நேராகக் கடலில் இறங்கிவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னான். ரம் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. எப்படியோ, பஸ் போனாலும் வாய் போகவில்லை. அதற்கும் பிரேக் கிடையாது.

அன்று செவ்வாய்க்கிழமை. போனி டாமினோ மேசையிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தான். மூன்று மாதத்துக்கு முந்தின புயலில் ரம் கடையின் கூரை பறந்துபோனதிலிருந்து மேசை சுகாதார நிலையத்துக்கு எதிரே வாதுமை மரத்தடியில் கிடந்தது. நல்ல நிழல், நல்ல காற்று. ஆட்டத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் அவன் ஏதோ சொல்ல வாயெடுக்க, மிஸ் குவாஷி கையை உயர்த்தினார். ரேடியோவில் மரண அறிவிப்பு நேரம். ஏசுநாதரே வந்தாலும் அது முடிகிற வரைக்கும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

"நேயர்களே, இன்றும் மரண அறிவிப்பு எதுவும் இல்லை," என்றது ரேடியோ, கொஞ்சம் வருத்தமாகவே. பிறகு பாட்டுப் போட்டுவிட்டது.

"இந்த வாரம் முழுக்க ஒரு சாவுகூட இல்லையா பாஸ்?" என்றான் போனி. "இப்படியே போனா அந்த அறிவிப்பாளரே பட்டினியில செத்து, தனக்குத் தானே அறிவிப்பு வாசிச்சுக்க வேண்டியதுதான்."

மாடிப்படி கிறீச்சிட்டது. படகுத்துறையில் மீன் பொரித்து விற்கிற ஆக்டேவியா, ஒரு தட்டு நிறையப் பொரித்த மீனும் பேக் என்கிற பொரித்த ரொட்டியும் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றாள். கல்லை விழுங்கினாலும் ஜீரணிக்கிற மாதிரி ஒரு பெண்பிள்ளை. தட்டை மேசைமேல் வைத்தாள்.

"மிஸ் குவாஷி, இது ஃபீசு. எனக்குச் சில பேரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"யாரை?"

"பேரு சொல்ல மாட்டேன்."

"எத்தனை பேரு?"

"ஏழெட்டுப் பேர் இருப்பாங்க."

"ஆள் அடையாளம்?"

"அதுவும் சொல்ல மாட்டேன்."

போனி அதற்குள் ஒரு மீனை எடுத்துவிட்டிருந்தான். "ஏன் ஆக்டேவியா, போன வாரம் நான் விட்ட கொட்டாவி ஒண்ணு தொலைஞ்சு போச்சு. அதையும் சேர்த்துத் தேடச் சொல்றது."

"வாய மூடுடா, பஸ்ஸைக் கடல்ல கரைச்சவனே," என்றாள் ஆக்டேவியா. பிறகு மிஸ் குவாஷியைப் பார்த்து உட்கார்ந்தாள். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ஊருக்கே தெரியும், நானே கத்திச் சொன்னதுதான். காலைல கொக்கோ டீயோட ஒரு மாத்திரை, அவ்வளவுதான், உங்களவிட நல்லா இருக்கேன். என் விஷயத்தை நான் கூரை ஏறிக் கத்துவேன். அடுத்தவங்க விஷயம் என் வாயில வராது."

"சரி. மேல சொல்லு."

"மாசத்துல மொத புதன்கிழமை நம்ம சுகாதார நிலையத்து நர்ஸ் சிஸ்டர் லெண்டோர் பின்னறையத் திறந்து மாத்திரை குடுப்பாங்க, டெஸ்ட்டும் எடுப்பாங்க. என்னை மாதிரி இன்னும் கொஞ்சம் பேர் வந்துட்டிருந்தாங்க. இப்போ மூணு மாசமா ஒரு ஈ காக்கா வரல. நான் மட்டும்தான். டெஸ்ட் எடுக்கவும் ஒருத்தரும் வர்றதில்ல. மந்திரி ஆபீஸ்ல என்ன சொல்லிட்டாங்க தெரியுமா? ஒரே ஒருத்திக்காக ஒரு அறையா, மூடு, மருந்தை அக்கரைத் தீவு பெரிய ஆபெலுக்கே திருப்பி அனுப்புன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை ஆள் வருது பூட்டுப் போட."

"நீயும் படகேறிப் பெரிய ஆபெலுக்குப் போயி வாங்கிக்கலாமே," என்றான் போனி.

"எனக்குப் படகுன்னா ஆகாதுடா. கரைய விட்டு நகரும்போதே குடல் வாய்க்கு வந்துடும். மாத்திரைய வாங்கி முழுங்கி, திரும்பி வரும்போது மீனுக்குப் போட்டுட்டு வரவா? அதுவுமில்லாம புயல் மாசம் வந்தா படகே வாரக்கணக்குல வராது. ஒரு நாள் விட்டா பரவாயில்ல. வாரக்கணக்குல விட்டா உள்ள தூங்கற பூதம் எந்திரிச்சு உக்காந்துக்கும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு மிஸ் குவாஷி. நான் சாகறதுக்கு இல்ல." அவள் மீன் தட்டை மிஸ் குவாஷி பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். "அந்த ஆளுங்க திரும்பி வந்தா அறை இருக்கும். ஏன் வரலன்னு கண்டுபிடிங்க."

"சிஸ்டரைக் கேட்டியா?"

"வாயைத் தச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அது அவங்க நாணயம். எனக்கு முகம் தெரிஞ்ச ரெண்டு பேரைப் பிடிச்சுக் கேட்டேன். 'நாளைக்கு மாத்திரைக்கு வர்றியா'ன்னா, 'இல்ல ஆக்டேவியா, எங்க சித்தி செத்துட்டா, பெரிய ஆபெலுக்குச் சாவுக்குப் போறேன்'னு ஒருத்தர். 'எங்க பெரியப்பா செத்துட்டார்'னு இன்னொருத்தர். கறுப்புச் சட்டை கறுப்புத் தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டுப் படகேறுவாங்க. போன மாசமும் அப்படித்தான். அதுக்கு முந்தின மாசமும் அப்படித்தான். சாயங்காலம் அதே படகுல திரும்பி வருவாங்க."

"நடந்து வருவாங்களா, தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாங்களா?"

"நடந்துதான். நேரா."

மிஸ் குவாஷி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போனி, சாவு வீட்டுக்குப் போயிட்டு நேரா நடந்து திரும்பி வந்தவன் எவனையாவது இந்தத் தீவுல பாத்திருக்கியா?"

போனி யோசித்தான். அவன் அப்பா சாவுக்கு வந்து ரம் குடித்தவர்களில் இரண்டு பேர் மறுநாள்தான் வீடு சேர்ந்தார்கள், அதுவும் அடுத்தவர் வீடு. "இல்ல பாஸ்."

"ரேடியோல சாவு இருக்கா?"

"இல்ல."

"ரேடியோல சொல்லாம இந்த ரெண்டு ஆபெல்லயும் எவனாவது செத்திருக்கானா?"

"சாகலாம் பாஸ், ஆனா புதைக்க மாட்டாங்க. அறிவிப்பு வந்தாத்தானே நெசமாவே செத்தான்னு நம்புவாங்க."

"அப்ப யாரும் சாகாத புதன்கிழமை, கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு எங்க போறாங்க? பெரிய ஆபெல்லயும் மாத்திரை குடுக்கறது அதே மொத புதன்கிழமைதான்." மிஸ் குவாஷி ரேடியோவை அணைத்தார். "எங்க போறாங்கன்னு தெரிஞ்சு போச்சு ஆக்டேவியா. ஏன் போறாங்கங்கறதுதான் பாக்கி. போனி, நாளைக்குக் கறுப்புக் கோட்டு போட்டுட்டு வா."

* * *

போனியின் கறுப்புக் கோட்டு அவன் அப்பாவினுடையது. பொத்தான் போட்டால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் பொத்தான் தெறிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் புதன்கிழமை காலை அவன் படகில் ஏறினான்.

படகு முழுக்கத் துக்கம். மேல்தட்டில் ஒரு பெரிய கறுப்புத் தொப்பி. கீழே இரண்டு கறுப்பு உடைகள், ஒரு கறுப்புச் சால்வை. மூலையில் கறுப்புக் கோட்டுப் பெரியவர் ஒருவர். இவர்கள் பெயரை எல்லாம் நான் சொல்லப் போவதில்லை. மீன் பொரிக்கிற ஆக்டேவியாவுக்கு இருக்கிற நாணயம் கதை சொல்கிறவனுக்கு இருக்கக் கூடாதா?

"முகத்தைப் பாக்காதே," என்று மிஸ் குவாஷி காதில் சொன்னார். "நமக்கு ஆள் யாருன்னு வேண்டாம்."

"பின்ன எதைப் பாக்கறது?"

"காலைப் பாரு."

போனி காலைப் பார்த்தான். கல்லறைச் சேற்றுக்கு யாரும் போட்டுப்போகாத மெல்லிய செருப்புகள். ஒருவர் கையிலும் மலர் வளையம் இல்லை, துதிப் பாட்டுப் புத்தகம் இல்லை. ஆனால் துக்கம் விசாரிப்பதில் மட்டும் ஒருவருக்கொருவர் குறை வைக்கவில்லை.

"உங்க வீட்லயுமா? ஐயோ பாவம். யாரு?"

"சித்தப்பா. உங்களுக்கு?"

"அத்தை. ரொம்ப நாளா முடியாம இருந்தாங்க."

"போன மாசமும் அத்தைன்னீங்களே?"

"அது பெரிய அத்தை."

பெரிய தொப்பி மிஸ் குவாஷியின் பக்கத்தில் வந்து நின்றது. "நீங்களும் கறுப்புல இருக்கீங்களே மிஸ் குவாஷி. யாரு தவறிட்டாங்க?"

"தூரத்துச் சொந்தம்."

"எங்களுதும் தூரம்தான்," என்றது தொப்பி அவசரமாக. "ரொம்பத் தூரம்."

போனியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "பாஸ், இந்தக் கணக்குல போனா நாம போய்ச் சேரும்போது பெரிய ஆபெல்ல படகைக் கட்டறதுக்குக்கூட மனுஷன் மிச்சம் இருக்க மாட்டான்."

தொப்பி அவனைத் திரும்பிப் பார்த்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு படகின் மறுகோடிக்குப் போய்விட்டது. அவனைக் கண்டதும் மற்ற கறுப்பு உடைகளும் ஒவ்வொன்றாக நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் படகின் ஒரு பக்கம் முழுக்க போனியும் காற்றும் மட்டும்தான்.

"நான் குளிச்சிட்டுத்தானே வந்தேன்?" என்று அவன் கக்கத்தை மோந்து பார்த்தான். மிஸ் குவாஷி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரை இறங்கியதும் துக்கக்காரர்கள் சிதறினார்கள். ஒருவர் இரும்புக்கடைக்குள் நுழைந்து பின்வழியாக வெளியே வந்தார். ஒருவர் தேவாலயத்துக்குள் போய் மண்டியிட்டுப் பக்கவாட்டுக் கதவால் நழுவினார். ஆளுக்கொரு சந்து, ஆளுக்கொரு வளைவு. கடைசியில் எல்லாக் காலும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்ந்தன: பெரிய சுகாதார நிலையத்தின் பின்வாசல்.

வாசலுக்கு எதிரே ஓர் இளநீர் வண்டி. மிஸ் குவாஷி அதன் அருகே போய், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றார். போனியையும் திருப்பி நிறுத்தினார்.

"இங்கேயே நில்லு. ரெண்டு இளநீர் சொல்லு. வேற எதுவும் செய்யாதே."

இளநீர்க்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டே போனியை மேலும் கீழும் பார்த்தான். அவன் கண் அந்தக் கறுப்புக் கோட்டில் வந்து நின்றது. முகம் மலர்ந்தது.

"என்னண்ணே, புதுசா? கூச்சப்படாதீங்க. கறுப்புக் கோட்டுக்காரங்க எல்லாம் பின்வாசல்தான். நேரா போயி இடது பக்கம்."

"நான் அதுக்கு வரல," என்றான் போனி.

"எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்றாங்க. யாரு செத்தது, அத்தையா?" அவன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தான். பக்கத்தில் வெற்றுப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். "சின்ன ஆபெல்ல இந்த வருஷம் அத்தைங்களுக்கு நேரமே சரியில்ல. எந்தப் பொண்ணுகிட்ட வாங்கினீங்கண்ணே, ஞாபகம் இருக்கா?"

போனிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஆயிரம் பதில் தெரிந்த வாய் அது. 'நான் அதுக்கு வரல' என்பதையே இன்னொரு தரம் சொன்னது. சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்டது. தெருவில் போன ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. அவளைத் துரத்திப் போய் விளக்க வேண்டும்போல் இருந்தது.

"உங்க ஊர்க்காரங்க யாரும் இங்க வர்றதில்லையா தம்பி?" என்று மிஸ் குவாஷி சாவகாசமாகக் கேட்டார்.

"எங்க ஊர்க்காரங்களா? என் வண்டி இங்க நிக்கிறப்ப எப்படி வருவாங்க?" என்றான் இளநீர்க்காரன் பெருமையாக. "அவங்க பிரெஞ்சுத் தீவுக்குப் போவாங்க. பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு, கல்யாணத்துக்குப் போறோம்பாங்க."

"பாஸ், இவன் வாயைப் பாத்தீங்களா?" போனி பல்லைக் கடித்தான். "இந்த மாதிரி ஒருத்தன் வாசல்ல நின்னா எந்த மனுஷன்..."

வாக்கியம் முடியவில்லை. அவன் வலது காதை யாரோ பிடித்துத் திருகினார்கள். அந்தத் திருகு அவனுக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்பில் பழகின திருகு. கறுப்புக் கோட்டுப் பெரியவர், கையில் ஒரு காகிதப் பையுடன் நின்றிருந்தார். பெயர் வேண்டாம். சார் என்றே வைத்துக்கொள்வோம்.

"இங்கேயும் வந்துட்டியாடா?" என்றார் சார். "மேசை எங்க? வண்டியில வருதா?"

"எந்த மேசை சார்?"

"டாமினோ மேசைடா!" சார் காதை இன்னொரு சுற்றுத் திருகினார். "நானே என் ரகசியத்தைச் சொல்றேன், கேட்டுக்க. எனக்கும் இருக்கு. பல வருஷமா இருக்கு. நம்ம ஊர்லதான் மாத்திரை வாங்கிட்டிருந்தேன், யாருக்கும் தெரியாது. புயலுக்கு அப்புறம் மொத புதன்கிழமை வந்தேன். வாசல்ல காலை வைக்கிறேன், மரத்தடியில இருந்து ஒரு குரல். 'என்ன சார், பின்னறைக்கா? இந்த வயசுலயும் பரீட்சை எழுதறீங்களா? மார்க் வந்தா சொல்லுங்க!' சொன்னது யாரு?"

போனி வாயைத் திறந்தான். அவனுக்கு அது ஞாபகமே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ சொல்கிறான், போகிறவன் வருகிறவன் எல்லாரையும்தான் சொல்கிறான்.

"சார், அது... சும்மா ஒரு தமாஷு. தெரிஞ்சு சொல்லல சார். சத்தியமா."

"தெரியும்டா நீ தெரிஞ்சு சொல்லலன்னு. தெரியாமச் சொன்ன. மேசை முழுக்கச் சிரிச்சீங்க. நான் அப்படியே திரும்பிப் பல்வலிக்கு மருந்து வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். எனக்குப் பல்லே கிடையாது!" சார் காதை விட்டார். "அந்த மாசம் கடல் கொந்தளிச்சுப் படகும் வரல. மாத்திரை தீர்ந்து போச்சு. ஆஸ்பத்திரி என் வீட்லருந்து நாலு வீடு தள்ளி இருக்கு. நான் கடலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பயமா இருந்துச்சுடா. இந்த வயசுல அழுதேன்."

இளநீர்க்காரன்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

சார் மிஸ் குவாஷிக்குத் தலையசைத்துவிட்டுப் படகை நோக்கிப் போனார். போனி திருகுப்பட்ட காதைத் தடவினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை நன்றாகத்தான் இருந்தது. கெட்டது ஊர்.

"பாஸ்," என்றான் கடைசியில். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து. ஆக்டேவியா மூணு மாசம்னு சொன்னப்ப. நீ மீன் தின்னுட்டிருந்தே."

"எப்படி?"

"சுங்கத்துல மொத பாடம் அது. சரக்கு காணாமப் போச்சுன்னா அதைத் தேடாதே, அந்த இடத்துக்குப் புதுசா என்ன வந்திருக்குன்னு பாரு. மூணு மாசமா ஆளுங்க வரல. மூணு மாசமா அங்க புதுசா இருக்கறது ஒரே ஒரு மேசை. மேசைக்கு வாய் கிடையாது. மேசையில உக்கார்ற ஒருத்தனுக்கு உண்டு."

"நேத்தே சொல்லியிருக்கலாமே! எதுக்கு இந்தக் கோட்டு, இந்தப் படகு, இந்த இளநீர்க்காரன்?"

"நேத்து சொல்லியிருந்தா நீ அதையும் தமாஷாக்கியிருப்பே."

திரும்பிப் போகிற படகில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசாததைக் கண்டு, நிஜமாகவே யாரோ செத்துவிட்டார்கள்போலிருக்கிறது என்று படகோட்டி துக்கம் விசாரித்தான்.

* * *

வியாழக்கிழமை விடிந்ததும் போனி டாமினோ மேசையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய், கடற்கரையில் வலை உலர்த்துகிற கொட்டகையில் போட்டான். ஆட்டக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மீன் நாற்றம், நிழல் போதாது, ஊரே கண்ணில் படவில்லை.

"ஏன்டா மாத்தினே? காரணம் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"நீயா? சொல்ல மாட்டியா?" அவர்கள் பயந்தே போனார்கள். ஒருவன் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ஆனால் மேசையை நகர்த்தினால் போதுமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறுநாள் பூட்டுப் போட ஆள் வருகிறது. ஒரே நாளில் யார் நம்பி வாசல் மிதிப்பார்கள்? போனி ராத்திரி முழுக்கப் புரண்டான். வெள்ளிக்கிழமை காலை கொட்டகைக்கு வந்தவன், டாமினோக் கட்டைகளை எல்லாம் ஒரு துணிப்பையில் அள்ளி முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"இன்னிக்கு விரல்ல பஞ்சு ஒட்டியிருக்கிறவனுக்குத்தான் கட்டை. சாமானைக் கட்டறதுக்காக இன்னிக்குப் பின்னறை திறந்திருக்கு, போங்க, சிஸ்டர்கிட்ட விரலை நீட்டுங்க, டெஸ்ட் எடுத்துக்கிட்டு வாங்க."

"என்னடா உளர்றே! எங்களுக்கு எதுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட்? ஊர் என்ன நினைக்கும்?"

"ஊர்ல பாதி நாமதான்டா. நாமளே வரிசையில நின்னா, நினைக்கிறதுக்கு எவன் மிச்சம்?"

டாமினோ இல்லாமல் ஒரு பகலைத் தள்ளுகிற தைரியம் யாருக்கும் இல்லை.

மந்திரி ஆபீசிலிருந்து மிஸ் கேட்டோ என்கிற அதிகாரி, கையில் புத்தம் புதுப் பூட்டுடன் வந்து இறங்கியபோது, சுகாதார நிலையத்து வாசலில் நிற்க இடமில்லை. பின்னறையிலிருந்து வராந்தாவைத் தாண்டித் தெரு வரைக்கும் வரிசை. ஆட்டக்காரர்கள், அவர்களை வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்ட பெண்சாதிகள், படகோட்டி, தபால்காரர். நீ முன்னே போ, நான் பின்னே வருகிறேன் என்று ஒரே தள்ளுமுள்ளு. மாத்திரைக்கு நிற்கிறவர் யார், டெஸ்டுக்கு நிற்கிறவர் யார், டாமினோவுக்கு நிற்கிறவர் யார் என்று அந்த ஆண்டவனே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் பொறுத்து வரிசையின் வாலில் பூப்போட்ட உடையில் ஒருத்தி வந்து சேர்ந்தாள். பிறகு ஒரு சால்வை. பிறகு சார், அரைக்கைச் சட்டையில், வீட்டிலிருந்து நாலு வீடு நடந்து வந்தவர், போனியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அவனுக்கு நாக்கின் நுனியில் ஏதோ வந்தது. விழுங்கிவிட்டு நகர்ந்து இடம் விட்டான்.

"பூட்டறதுக்கு வந்தேன்," என்றார் மிஸ் கேட்டோ. "முதல்ல கதவு எங்க இருக்குன்னாவது தெரியணுமே. சிஸ்டர், இவங்க எல்லாம் யாரு?"

"யாருன்னு சொல்ல மாட்டேன்," என்றார் சிஸ்டர் லெண்டோர், கையுறையை மாட்டிக்கொண்டே. "மாத்திரைக்காரங்க திரும்பி வர ஆரம்பிச்சாச்சு. புதுசா டெஸ்டுக்கும் ஆள் வருது. அதுக்கு மேல ஒரு வார்த்தை என்கிட்ட வராது."

மிஸ் கேட்டோ பூட்டைக் கைப்பைக்குள் போட்டார். "அடுத்த மாசத்துக்கு எவ்வளவு மருந்து அனுப்பணும், அதையாவது சொல்லுங்க."

ஆக்டேவியா போட்ட கூச்சலில் வாதுமை மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. எதிரில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கட்டிப்பிடித்தாள், அது தபால்காரர். அவருக்கு மூச்சுத் திணறியது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

எல்லாரும் போய் வந்தாயிற்று. கடைசி ஆள் போனி.

விரலை நீட்டினான். ஊசி குத்தியது எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. பிறகு ரிசல்ட்டுக்காகக் கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும் என்றார் சிஸ்டர். அங்கேதான் வந்தது வினை. பஸ் ஓட்டின காலம், திருவிழாக் காலம், யார் யாரோடு எங்கெங்கே சுற்றினான் என்பதெல்லாம் வரிசையாக மனசுக்குள் வந்து நின்றது. இத்தனை பேரைத் தள்ளிவிட்டவன், தனக்கும் ஒரு விரல் உண்டு என்று யோசிக்கவே இல்லை.

ஆக்டேவியா பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். "என்னடா, சத்தத்தையே காணோம்?"

"பயமா இருக்கு ஆக்டேவியா."

"இருக்கும். எனக்கும் இருந்துச்சு." ஆடிக்கொண்டிருந்த அவன் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள். "என்ன வந்தாலும் அறை இங்கதான் இருக்கு. நீ படகேற வேண்டாம்."

உள்ளே இருந்து சிஸ்டர் கூப்பிட்டார். போனி போனான். கதவு சாத்திக்கொண்டது. கதவு திறந்தது. விரலில் பஞ்சோடு அவன் வெளியே வந்தான். வாசலில் ஆட்டக்காரர்கள் மொத்தப் பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"போனி! டேய்! என்னடா வந்துச்சு?"

போனி வாயைத் திறந்தான். மூடினான்.

"அது எனக்கும் சிஸ்டருக்கும்," என்றான். இடுப்பிலிருந்த பையை அவிழ்த்துக் கட்டைகளைக் குலுக்கினான். "வாங்கடா, ஆடலாம்."

அன்று முழுக்க அவன் முகத்தை ஊரே திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஜெயித்தபோது சிரித்தான், தோற்றபோது திட்டினான். அதிலிருந்து ஒரு எழவும் தெரியவில்லை. மிஸ் குவாஷி மாதிரித் துப்பறிகிறவரே அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்ன வந்தது என்று உங்களுக்கும் தெரிந்தாக வேண்டுமா? தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?